ஸ்டைலில் டோனை மாற்றினேன், எல்லாம் கெட்டுப்போச்சு: எந்த அறிகுறிக்கு எங்கே தேடுவது

கீபோர்டில் இடது கையால் கார்டு பிடித்தால் டிரம்ஸ், பேஸ், கிட்டார் என்று தானாகத் துணைக்கு ஓடுமே, அதுதான் ஸ்டைல்; அதில் ஒவ்வொரு கருவியின் ஒலியும் ஒரு டோன். ஒரு ஸ்டைல் பிடித்திருக்கிறது, அதில் வரும் கிட்டார் மட்டும் பிடிக்கவில்லை. அதை எடுத்துவிட்டு எலெக்ட்ரிக் பியானோ போட்டால் போதும், பத்து நிமிட வேலை என்று உட்காருவோம். நள்ளிரவில் பார்த்தால் டிரம்ஸ் ஏதோ பேசுகிறது, பேஸ் எங்கோ குதிக்கிறது, பியானோ மட்டும் வரவேயில்லை. இது எல்லாருக்கும் நடப்பதுதான்.

ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஸ்டைல் என்பது ரெக்கார்டிங் இல்லை. "இந்த நேரத்தில், இந்த நோட்டை, இவ்வளவு அழுத்தி வாசி" என்கிற மிடி (இசைக் கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் மொழி) குறிப்புகளின் கட்டு அது. எந்தக் கருவியில் வாசிக்க வேண்டும் என்பது அந்தக் கட்டில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் சில எண்கள், அவ்வளவே. எண்ணை மாற்றுவது சுலபம். ஆனால் குறிப்புகள் பழைய கருவியை மனதில் வைத்து எழுதப்பட்டவை, அவை தானாக மாறாது. கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

நான் அதிகம் பேசப்போவது யமஹா வகை ஸ்டைல் கோப்புகளைப் பற்றி. காரணம், தொடக்கநிலை யமஹா கீபோர்டுகளில் பொதுவாக கீபோர்டுக்குள்ளேயே ஸ்டைலைத் திருத்த வசதி இருக்காது. கணினியில் திருத்தி ஏற்ற வேண்டும், கோளாறும் அங்கேதான் அதிகம். கேசியோவில் சிடி-எக்ஸ்3000 போன்ற மாடல்களில் ரிதம் எடிட்டர் உள்ளேயே இருக்கிறது. டிரம், பெர்கஷன், பேஸ், கார்டு 1 முதல் 5 வரை என்று எட்டு பார்ட். பார்ட்டைத் தேர்ந்தெடுத்து டோனை மாற்றிச் சேமித்தால் முடிந்தது. பெயர்கள் வேறு, அறிகுறிகள் ஏறக்குறைய ஒன்றே.

முதலில் ஒரு சின்னச் சோதனை

எதையும் நோண்டுவதற்கு முன்னால், கீபோர்டோடு வந்த ஏதாவது ஒரு ஸ்டைலைப் போட்டு வாசித்துப் பாருங்கள். அதிலும் அதே கோளாறு இருந்தால் பிரச்சினை கீபோர்டின் செட்டிங்கில். அதில் சரியாக வந்து, நீங்கள் திருத்தியதில் மட்டும் கெட்டால் பிரச்சினை கோப்பில். இதைச் செய்யாமல் இரண்டு மணி நேரம் கோப்பைத் திருத்திவிட்டு, கடைசியில் ஸ்டைல் வால்யூம் பூஜ்ஜியத்தில் இருந்ததைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு. நானும் அதில் ஒருவன்.

இன்னொன்று, மூலக் கோப்பை நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திருத்தும் ஒவ்வொரு படியையும் 1, 2, 3 என்று புதுப் பெயரில் சேமியுங்கள். எந்தப் படியில் கெட்டது என்று தெரிந்தால் ஏன் கெட்டது என்பதும் ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

"டிரம்ஸ் மட்டும்தான் வருது, பேஸ், கார்டு எதுவும் இல்லை"

கோப்பில் ஒரு குறையும் இருக்காது. துணை வாசிப்பை இயக்கும் ஏசிஎம்பி பட்டன் (கேசியோவில் அக்கம்ப்) அணைந்திருக்கிறது. அது எரிந்தும் வரவில்லை என்றால், ஸ்ப்ளிட் பாயின்ட்டுக்கு (இடது கை, வலது கைப் பகுதிகளைப் பிரிக்கும் கட்டை) இடப்பக்கம்தான் கார்டு பிடிக்கிறீர்களா என்று பாருங்கள். யாராவது ஸ்ப்ளிட்டை மிகவும் கீழே இறக்கி வைத்திருந்தால் உங்கள் இடது கையையும் கீபோர்டு வலது கையாகவே எடுத்துக்கொள்ளும். அப்புறம், ஃபிங்கரிங் முறையையும் (கார்டை எப்படிப் பிடித்தால் கீபோர்டு அடையாளம் காணும் என்ற செட்டிங்) பாருங்கள். முழுக் கீபோர்டிலும் கார்டைத் தேடும் முறையில் இருந்தால் ஒற்றை விரல் கார்டு எடுபடாது. இதையெல்லாம் தாண்டியும் டிரம்ஸ் மட்டும்தான் என்றால் கீழே கேஸம் (கார்டுக்கு ஏற்ப பார்ட்டுகள் எப்படி நகர வேண்டும் என்ற விதிகள்) பற்றிச் சொல்லும் இடத்துக்குப் போங்கள்.

"டோன் மாற்றினேன், ஸ்டைலில் ஒன்றுமே மாறவில்லை"

முகப்பில் இருக்கும் வாய்ஸ் பட்டனை அழுத்தி மாற்றினீர்களா? அது உங்கள் வலது கைக்கான டோன். டூயல் (இரண்டு டோன் சேர்ந்து ஒலிப்பது), ஸ்ப்ளிட் (இரு பக்கத்துக்கு இரு டோன்) இரண்டும்கூட உங்கள் கைக்குத்தான். ஸ்டைலின் பார்ட்டுகளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. யமஹா ஸ்டைல் எட்டு பார்ட்டாக, மிடி சானல் 9 முதல் 16 வரை ஓடும். 9 துணை டிரம், 10 முக்கிய டிரம், 11 பேஸ், 12, 13 கார்டு, 14 பேட் (பின்னணியில் நீண்டு ஒலிக்கும் ஒலி), 15, 16 ஃபிரேஸ் (சின்னச் சின்ன மெட்டு வரிகள்). மாற்ற வேண்டிய எண்கள் இந்தச் சானல்களுக்குள் இருக்கின்றன.

"கணினியில் கேட்டால் சரி, கீபோர்டில் வேறு டோன் வருது, அல்லது சத்தமே இல்லை"

முதல் கேள்வி: கணினியில் கேட்டது யாருடைய சத்தம்? விண்டோஸில் மிடி எடிட்டரைத் திறந்து அப்படியே ஓட்டினால் பெரும்பாலும் ஒலிப்பது விண்டோஸோடு வரும் சின்த் (மென்பொருள் ஒலிப்பான்). உங்கள் கீபோர்டு அல்ல. எடிட்டரின் மிடி அவுட்புட்டில் கீபோர்டைத் தேர்ந்தெடுங்கள், யூஎஸ்பி கேபிள் வழியாக கீபோர்டின் ஸ்பீக்கரிலேயே கேளுங்கள். அப்போதுதான் கேட்டதை நம்பலாம்.

அடுத்தது எண். கீபோர்டு திரையில் 214 என்று ஒரு டோன் எண் தெரியும். அதை அப்படியே மிடியில் போட முடியாது, ஏனென்றால் மிடியில் புரோகிராம் எண் மொத்தமே 128தான். யமஹா பிஎஸ்ஆர்-இ373-இல் 622 டோன் இருக்கிறதென்றால் அவை பேங்க் பேங்காகப் பிரித்து அடுக்கப்பட்டிருப்பதால்தான். எனவே ஒரு டோனுக்கு மூன்று எண் வேண்டும். பேங்க் எம்எஸ்பி, பேங்க் எல்எஸ்பி, புரோகிராம். உங்கள் மாடலின் டோன் எண்களைப் பட்டியலிடும் டேட்டா லிஸ்ட் பிடிஎஃப்பில் மூன்றும் வரிசையாக இருக்கும். மூன்றையும் போட வேண்டும், அதே வரிசையில் போட வேண்டும். மிடியில் எம்எஸ்பி என்பது கன்ட்ரோல் 0 என்ற செய்தி, எல்எஸ்பி என்பது கன்ட்ரோல் 32, கடைசியில் புரோகிராம் சேஞ்ச். பேங்க்கை மட்டும் மாற்றிவிட்டுப் புரோகிராமை அனுப்பாவிட்டால் எதுவும் நடக்காது, பழைய டோனே ஓடும்.

ஒரு எண் தள்ளி வருகிறதா? நைலான் கிட்டார் கேட்டால் ஸ்டீல் கிட்டார் வருவது, வயலினுக்குப் பதில் வியோலா வருவது, இப்படிப் பக்கத்து வீட்டு டோன் வந்தால் காரணம் ஒன்றுதான்: லிஸ்ட்டில் 1 முதல் 128 என்று எண்ணியிருக்கிறார்கள், உங்கள் எடிட்டர் 0 முதல் 127 என்று எண்ணுகிறது. ஒன்றைக் கழியுங்கள்.

மூன்று எண்ணும் சரி, ஆனாலும் சில நேரம் வருது, சில நேரம் வரலை என்றால் மூன்று செய்தியும் ஒரே டிக்கில் (மிடியின் மிகச் சின்ன நேர அலகு) கிடக்கும். சில எடிட்டர்கள் சேமிக்கும்போது ஒரே டிக்கில் இருப்பதை வரிசை மாற்றிவிடும், புரோகிராம் முதலில் போய் பேங்க் பின்னால் போகும். ஆளுக்கு ஒரு சில டிக் தள்ளி வையுங்கள்.

சத்தமே இல்லை என்றால், உங்கள் கீபோர்டில் இல்லாத பேங்க்கைக் கேட்கிறீர்கள் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். பெரிய மாடலுக்கு எழுதிய ஸ்டைலை இறக்கிச் சின்ன மாடலில் ஏற்றினால் இது சகஜம். எம்எஸ்பி 0, எல்எஸ்பி 0 போட்டு, புரோகிராமை மட்டும் வைத்துப் பாருங்கள். அது ஜெனரல் மிடி (எல்லாக் கருவிக்கும் பொதுவான அடிப்படைப் பட்டியல்) டோன். கொஞ்சம் சப்பென்று இருந்தாலும் எங்கும் ஒலிக்கும். பிறகு உங்கள் லிஸ்ட்டில் இருந்து நல்லதாக ஒன்றைப் பொறுக்கிக்கொள்ளலாம்.

"மெயினில் சரியாக வருது, ஃபில் போட்டதும் பழைய டோன் திரும்பிவிடுது"

இது என்னை ஒரு வாரம் அலைக்கழித்தது. ஒரு பாலட் ஸ்டைலில் விரல் பேஸை எடுத்துவிட்டு ஃப்ரெட்லெஸ் பேஸ் போட்டிருந்தேன். மெயின் ஏ-வில் (திரும்பத் திரும்ப ஓடும் முக்கியப் பகுதி) அழகாக வழுக்கிக்கொண்டு போகும். ஃபில் (இடையில் வரும் சின்னத் திருப்பம்) பட்டனை அழுத்தினால் அந்த ஒரு மெஷரில் பழைய விரல் பேஸ் டொக் டொக்கென்று வரும், சரி ஃபில் முடிந்ததும் திரும்பிவிடும் என்று பார்த்தால் மெயினுக்கு வந்த பிறகும் அதுவே ஓடிக்கொண்டிருக்கும். ஸ்டைலை மாற்றிவிட்டு மறுபடி தேர்ந்தெடுத்தால் ஃப்ரெட்லெஸ் திரும்ப வரும். கீபோர்டில்தான் கோளாறு என்றே முடிவு கட்டியிருந்தேன்.

நடந்தது இதுதான். ஸ்டைல் கோப்பு உள்ளே பார்த்தால் ஒரே நீளமான மிடி டிராக். மார்க்கர்கள் (பகுதிப் பெயர்களைக் குறிக்கும் அடையாளங்கள்) போட்டுப் பிரித்திருப்பார்கள். தொடக்கத்தில் எஸ்எஃப்எஃப் மார்க்கர், அடுத்து எஸ்இன்ட் மார்க்கர், அதற்குப் பிறகு ஆரம்ப செட்டிங்குகள், பிறகு மெயின் ஏ, ஃபில், இன்ட்ரோ, எண்டிங் என்று ஒவ்வொன்றாக. ஸ்டைலைத் தேர்ந்தெடுக்கும்போது எஸ்இன்ட் பகுதியில் இருக்கும் டோன்கள் அமலாகும். ஆனால் ஒவ்வொரு பகுதியும் தனக்கென்று டோன் மாற்றத்தை வைத்துக்கொள்ளலாம். என் ஸ்டைலில் ஃபில்லின் முதல் டிக்கில், சானல் 11-இல், யாரோ ஒரு புரோகிராம் சேஞ்சைப் போட்டு வைத்திருந்தார்கள். நான் எஸ்இன்ட்டில் மட்டும் மாற்றிவிட்டு எல்லாம் முடிந்ததென்று எழுந்துவிட்டேன்.

தீர்வு: எடிட்டரில் நிகழ்வுப் பட்டியலைத் திறந்து, அந்தச் சானலை மட்டும் வடிகட்டி, புரோகிராம் சேஞ்ச், கன்ட்ரோல் 0, கன்ட்ரோல் 32 மூன்றையும் கோப்பு முழுக்கத் தேடுங்கள். எஸ்இன்ட்டில் இருப்பதை மாற்றுங்கள், மற்ற இடங்களில் இருப்பதை அழியுங்கள். அழிக்க மனம் வரவில்லை என்றால் எல்லா இடத்திலும் அதே மூன்று எண்ணைப் போடுங்கள். சில ஸ்டைல்களில் மெயின் டி-யில் வேண்டுமென்றே டோன் மாறும், பிராஸ் ஏறும். அதைத் தெரிந்து விட்டுவைப்பது வேறு.

வால்யூமும் இதே மாதிரி மறைந்திருக்கும். அதற்குப் பிறகு வருகிறேன்.

"கிட்டார் பார்ட்டில் கீச்சுக் கீச்சென்று என்னவோ வருது, நடுநடுவே ஒரு நோட் கத்துது"

பெரிய யமஹா மாடல்களுக்கான ஸ்டைல்களைத் தொடக்கநிலை கீபோர்டில் போட்டால் வரும் பிரத்யேக வியாதி இது. அங்கே மெகா வாய்ஸ் என்று ஒரு வகை டோன் இருக்கிறது, பேங்க் எம்எஸ்பி 8. அதில் அழுத்தத்தின் அளவு சத்தத்தை மட்டும் தீர்மானிப்பதில்லை, எந்த விதமாக வாசிப்பது என்பதையே தீர்மானிக்கிறது. அழுத்தம் குறைவாக இருந்தால் சாதாரணமாக மீட்டுவது, நடுவில் எங்கோ தந்தியை அமுக்கிய 'டப்' சத்தம், இன்னும் மேலே போனால் ஹேமர், ஸ்லைடு, உச்சியில் ஹார்மோனிக்ஸ். நோட் எண் 96-உம் அதற்கு மேலும் உள்ள கட்டைகளில் இசையே இருக்காது. தந்தியை உரசும் சத்தம், ஃப்ரெட்டில் விரல் இழுபடும் சத்தம் இவைதான் இருக்கும்.

இப்போது அதே குறிப்பைச் சாதாரண கிட்டாரில் ஓட்டிப் பாருங்கள். உரசல் சத்தத்துக்காக எழுதிய 98, 100 போன்ற நோட்டுகள் அப்படியே உச்ச ஸ்தாயியில் நோட்டாக ஒலிக்கும். அதுதான் கீச். சாதாரணமாக மீட்ட வேண்டியதெல்லாம் குறைந்த அழுத்தத்தில் எழுதப்பட்டிருப்பதால் முணுமுணுக்கும். ஸ்லைடுக்காக 110-இல் எழுதிய ஒரே ஒரு நோட் மட்டும் கத்தும்.

முதலில் அந்தச் சானலில் 96-உம் அதற்கு மேலும் உள்ள நோட்டுகளை எல்லாம் தேர்ந்தெடுத்து அழித்துவிடுங்கள், தயங்க வேண்டாம். அதற்குப் பிறகு மிச்சமுள்ள நோட்டுகளின் அழுத்தத்தைச் சுருக்குங்கள், எல்லாம் 70-க்கும் 100-க்கும் இடையில் வருகிற மாதிரி. எடிட்டரில் இதற்குக் கட்டளை இருக்கும்; இல்லாவிட்டால் எல்லாவற்றையும் 85 என்று வைத்துவிட்டு, தாளத்தின் முதல் அடியில் வருவதை மட்டும் கொஞ்சம் ஏற்றுங்கள். 'டப்' சத்தத்துக்காக எழுதிய நோட்டுகள் இப்போது முழு நோட்டாக ஒலிக்கும், அதனால் மீட்டல் நெருக்கமாக, மூச்சுவிடாமல் அடிக்கிற மாதிரி இருக்கும். அவற்றின் நீளத்தைப் பாதியாகக் குறைத்தால் தேவலை. இல்லை, பழைய அழுத்த எண்ணைப் பார்த்து எவை 'டப்' என்று ஊகித்து, சுருக்குவதற்கு முன்பே அழித்துவிட்டால் இன்னும் நல்லது.

என் அபிப்பிராயம் கேட்டால், நுட்பமான கிட்டார் ஸ்டைல்களில் இந்த வேலை பாதி நேரம் தேறாது. அந்தப் பார்ட்டையே எடுத்துவிட்டு, கீபோர்டோடு வந்த வேறொரு ஸ்டைலில் இருந்து அதே வேகத்தில் ஓடும் கிட்டார் பார்ட்டை ஒட்டுவது சீக்கிரம் முடியும், கேட்கவும் நன்றாக இருக்கும்.

"டிரம் கிட்டை மாற்றினேன், தாளம் அடையாளமே தெரியலை"

டிரம்ஸில் ஒவ்வொரு நோட்டும் ஒவ்வொரு கருவி. பொதுவான வரைபடத்தில் 36 பாஸ் டிரம், 38 ஸ்னேர், 42 மூடிய ஹை-ஹேட், 46 திறந்த ஹை-ஹேட், 49 கிராஷ். ஸ்டாண்டர்ட், ரூம், ராக், ஜாஸ் போன்ற கிட்டுகள் இதை ஏறக்குறைய ஒரே மாதிரி பின்பற்றும், அதனால் அவற்றுக்குள் மாற்றினால் நிறம்தான் மாறும், தாளம் மாறாது. ஆனால் தபலா, அரபிக், சவுண்ட் எஃபெக்ட் மாதிரி கிட்டுகளுக்குத் தனி வரைபடம். ஸ்னேர் அடித்த இடத்தில் அங்கே கைதட்டலோ நாய்க் குரைப்போ இருக்கலாம். டேட்டா லிஸ்ட்டில் டிரம் கிட் பக்கத்தைத் திறந்து, பழைய கிட்டில் எந்த நோட், புதிய கிட்டில் எந்த நோட் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியதுதான். குறுக்குவழி இல்லை. பெரும்பாலான தாளங்களில் மொத்தமே ஏழெட்டுக் கருவிகள்தான் இருக்கும் என்பது ஒரு ஆறுதல்.

டிரம்ஸ் இருந்த இடத்தில் பியானோ கீழ்க்கட்டைகளில் மொத்து மொத்தென்று அடிக்கிறதா? பேங்க் எம்எஸ்பி 127 என்று இருக்க வேண்டியதை 0 ஆக்கியிருப்பீர்கள். யமஹாவில் வழக்கமான டிரம் கிட்டுகளுக்கு 127தான்.

"கார்டு மாற்றும்போதெல்லாம் ஸ்னேர் டாம் ஆகிறது, பேஸ் தாறுமாறாகக் குதிக்கிறது"

இதுவரை சொன்னது ஒலியைப் பற்றி. இது விதிகளைப் பற்றி. ஸ்டைல் முழுக்க ஒரே ஒரு மூலக் கார்டில்தான் எழுதப்பட்டிருக்கும், வழக்கமாக சி மேஜர் 7. நீங்கள் ஜி மைனர் பிடித்தால் எந்தப் பார்ட் எப்படி நகர வேண்டும் என்பதைக் கோப்பின் கடைசியில், மிடி பகுதி முடிந்த பிறகு ஒட்டியிருக்கும் கேஸம் என்ற பகுதி சொல்கிறது.

ஸ்டைலை சாதாரண மிடி எடிட்டரிலோ ரெக்கார்டிங் மென்பொருளிலோ திறந்து அப்படியே சேமித்தால், பலவற்றில் இந்தக் கேஸம் சத்தமில்லாமல் விடுபட்டுப் போகும். மென்பொருளுக்கு அது மிடி இல்லை, அதனால் குப்பை. கோப்பு திறக்கும், மார்க்கர் எல்லாம் இருக்கும், விதிகள் மட்டும் இருக்காது. திருத்துவதற்கு முன்னும் பின்னும் கோப்பின் அளவைப் பாருங்கள். சட்டென்று குறைந்திருந்தால் சந்தேகப்படுங்கள். மூலக் கோப்பில் இருந்து கேஸத்தை எடுத்து, திருத்திய மிடியோடு மறுபடி ஒட்டித் தரும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. அவை இல்லாமல் ஸ்டைல் திருத்தத்தில் இறங்கவே வேண்டாம்.

கேஸம் இருந்தும் கோளாறு என்றால், பார்ட் வாரியாகப் பாருங்கள். டிரம் சானல்களுக்கு ரூட் ஃபிக்ஸ்ட், பைபாஸ் என்று இருக்க வேண்டும், அதாவது எந்தக் கார்டு பிடித்தாலும் நகராதே என்று. இது இல்லாவிட்டால் சி-யில் ஸ்னேராக இருப்பது டி-யில் இரண்டு கட்டை மேலே போய் வேறு கருவியாகிவிடும். நீங்கள் பேட் பார்ட்டை எடுத்துவிட்டு அந்தச் சானல் 14-இல் ஷேக்கர் போட்டிருந்தால் கட்டாயம் இது நடக்கும், ஏனென்றால் அந்தச் சானலின் விதி இன்னும் பேடுக்கானதுதான்.

பேஸ் ஒரு குறிப்பிட்ட கார்டில் மட்டும் ஓர் ஆக்டேவ் கீழே விழுகிறதா? ஹை கீ என்கிற எண்ணைப் பாருங்கள். ஹை கீ எஃப் என்று இருந்தால், சி முதல் எஃப் வரை பேஸ் மேலே ஏறிக்கொண்டே போகும், எஃப் ஷார்ப் பிடித்ததும் மேலே போகாமல் கீழ் ஆக்டேவுக்கு இறங்கும். பேஸ் கிட்டாரில் அது நன்றாகவே இருக்கும். அந்த இடத்தில் நீங்கள் கீழே சரியாக ஒலிக்காத ஒரு டோனைப் போட்டிருந்தால் அந்தக் கார்டுகளில் மட்டும் பேஸ் காணாமல்போன மாதிரி தோன்றும். ஹை கீயை ஜி-க்கோ ஏ-வுக்கோ உயர்த்திப் பாருங்கள்.

நீங்களே புதிதாக ஒரு வரி வாசித்துச் சேர்த்து, அது சி மேஜரில் நன்றாக, மைனரில் அபஸ்வரமாக வந்தால், எழுதிய நோட்டுகளைப் பாருங்கள். மூலக் கார்டு சி மேஜர் 7 என்னும்போது சி, இ, ஜி, பி நான்கும் பாதுகாப்பு. டி, ஏ இரண்டும் பரவாயில்லை. எஃப் நோட்டில் நீண்டு நின்றீர்கள் என்றால் கார்டு மாறும்போது அடி விழும். இன்ட்ரோ, எண்டிங்கில் மட்டும் இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

பேட் டோன் கார்டு மாறிய கணத்தில் அறுந்து, அடுத்த மெஷரில்தான் திரும்ப வருகிறதா? ரீட்ரிக்கர் விதி (ஒலித்துக்கொண்டிருக்கும் நோட் கார்டு மாறினால் என்ன செய்ய வேண்டும் என்பது) 'ஸ்டாப்' என்று இருக்கும். 'பிட்ச் ஷிஃப்ட்' என்றோ 'ரீட்ரிக்கர்' என்றோ மாற்றினால் தொடரும்.

"புது டோன் மற்றதை அமுக்குது" அல்லது "ரிதம் பின்னால் இழுக்குது"

மொத்த ஸ்டைலும் உங்கள் வலது கையை அமுக்கினால் ஃபங்ஷன் மெனுவில் ஸ்டைல் வால்யூமைக் குறையுங்கள், கோப்பைத் தொட வேண்டாம். ஒரு பார்ட் மட்டும் என்றால் அந்தச் சானலின் கன்ட்ரோல் 7. அதைக் குறைத்தும் பலனில்லை, அல்லது 127 வரை ஏற்றியும் கேட்கவில்லை என்றால் கன்ட்ரோல் 11-ஐத் தேடுங்கள். அது எக்ஸ்பிரஷன், கன்ட்ரோல் 7-இன் மேல் பெருக்கல் மாதிரி வேலை செய்யும். ஆர்கனை மெல்ல ஏற்றி இறக்குவதற்காக மெயின் நடுவில் 60, 45 என்று போட்டு வைத்திருப்பார்கள். அந்த இடத்தில் நீங்கள் பியானோ போட்டால் காரணமில்லாமல் அது மங்கி மங்கி வரும்.

இழுக்கிறது என்றால் டெம்போவைத் திட்டாதீர்கள். கட்டையைத் தட்டியதும் ஒலிக்கும் கிட்டாருக்கு எழுதிய ரிதத்தில் ஸ்ட்ரிங்ஸ் போட்டிருப்பீர்கள். டெம்போ 120-இல் ஓர் எட்டாம் நோட்டின் நீளம் கால் நொடி. ஸ்ட்ரிங்ஸ் உப்பி எழுவதற்கே அதில் பெரும்பகுதி போய்விட்டால் ஆஃப் பீட் எங்கே கேட்கும்? ஆரம்பம் கூர்மையான டோனை எடுங்கள், பிசிகாட்டோவோ எலெக்ட்ரிக் பியானோவோ. ஸ்ட்ரிங்ஸ்தான் வேண்டும் என்று அடம் இருந்தால் கன்ட்ரோல் 73-ஐ 64-க்குக் கீழே, 40 அளவுக்குக் கொண்டுவாருங்கள், அட்டாக் வேகமாகும்.

"நான் வாசிக்கும்போது நோட் அறுந்து போகுது"

பாலிஃபோனி, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய நோட்டுகளின் எண்ணிக்கை, தீர்ந்துபோகிறது. தொடக்கநிலை கீபோர்டுகளில் 32, 48, 64 என்று ஒரு வரம்பு உண்டு. பிஎஸ்ஆர்-இ373-உம் கேசியோ சிடி-எக்ஸ்700-உம் 48. டிரம்ஸ், பேஸ், இரண்டு கார்டு, பேட், ஃபிரேஸ் எல்லாம் இதே பானையில் இருந்துதான் எடுக்கின்றன. அதோடு நீங்கள் டூயல் டோனில் சஸ்டெயின் பெடலை அழுத்திக்கொண்டு வாசித்தால் சொல்லவே வேண்டாம். புதிதாகப் போட்ட பேட் இரண்டு அடுக்கு உள்ளதாக இருந்தால் மூன்று நோட் கார்டுக்கு ஆறு செலவு. முதலில் பேடை ஒற்றை அடுக்கு டோனாக மாற்றுங்கள், அப்புறம் டூயலை அணையுங்கள், பெடலைக் கடைசியாக.

"கோப்பைக் கீபோர்டு பார்க்கவே மாட்டேன் என்கிறது"

பென்டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கிறதா? என்டிஎஃப்எஸ் என்றால் பல கீபோர்டுகளுக்குப் புரியாது. முடிந்தால் கீபோர்டிலேயே ஃபார்மட் செய்யுங்கள். அதிலிருக்கும் பழைய கோப்புகள் போய்விடும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். பென்டிரைவ் துளையே இல்லாத மாடல்களில் கணினியில் இருந்து கேபிள் வழியாகத்தான் அனுப்ப வேண்டும்.

டிரைவ் தெரிகிறது, கோப்பு மட்டும் தெரியவில்லை என்றால் பின்னொட்டைப் பாருங்கள். எடிட்டர் சேமிக்கும்போது .எம்ஐடி என்று மாற்றியிருக்கும், அதை .எஸ்டிஒய் ஆக்குங்கள். மிடி ஃபார்மட் 0 ஆக, அதாவது ஒரே டிராக்காகச் சேமித்தீர்களா? ஃபார்மட் 1 என்றால் பிடிக்காது. பெயரை எட்டு எழுத்துக்குள், ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் வைத்துப் பாருங்கள். தமிழில் பெயர் வைத்துவிட்டுக் காத்திருந்த அனுபவமும் எனக்கு உண்டு.

"நேற்று இருந்தது, இன்று போட்டால் காணோம்"

ஸ்டைலை ஏற்றத் தொடங்கிய பிறகு அந்த வேலை முடியும்வரை மின்சாரத்தை எடுக்கக் கூடாது. கேசியோ எடிட்டரில் திருத்திவிட்டுச் சேமிக்காமல் வெளியே வந்தால் திருத்தம் போய்விடும். யமஹாவில் டெம்போ, ஸ்டைல் எண், உங்கள் கை டோன் போன்றவற்றை ரெஜிஸ்ட்ரேஷன் மெமரியில் வைத்தால் ஒரு பட்டனில் எல்லாம் வரும். ஆனால் ஒன்று, ரெஜிஸ்ட்ரேஷன் ஸ்டைலைச் சேமிப்பதில்லை, அதன் எண்ணைத்தான் நினைவில் வைக்கிறது. அந்த எண்ணில் வேறு ஸ்டைலை ஏற்றினால் பட்டனை அழுத்தும்போது அந்த வேறு ஸ்டைல்தான் வரும்.

அப்புறம் அந்த ரீசெட். யமஹா பிஎஸ்ஆர்-இ வரிசையில் வலக்கோடியில் இருக்கும் வெள்ளைக் கட்டையை மட்டும் அழுத்திக்கொண்டு ஆன் செய்தால் செட்டிங்குகள் பழைய நிலைக்குப் போகும், ஏற்றிய ஸ்டைல்கள் அப்படியே இருக்கும். அதே வெள்ளைக் கட்டையோடு வலக்கோடியில் இருக்கும் மூன்று கறுப்புக் கட்டைகளையும் சேர்த்து அழுத்தி ஆன் செய்தால் நீங்கள் ஏற்றிய கோப்புகள் எல்லாம் அழியும். யாரோ "ரீசெட் போடு" என்றால் எந்த ரீசெட் என்று கேட்டுக்கொள்ளுங்கள். போடுவதற்கு முன்னால் கணினியில் அந்த 1, 2, 3 என்று சேமித்த கோப்புகள் பத்திரமாக இருக்கின்றனவா என்று ஒருமுறை திறந்தும் பார்த்துவிடுங்கள்.